பதினேழு பிள்ளைகளுக்கு ஒரே பெயர்

1976ஆம் ஆண்டு மே மாதம் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, காலை எட்டே கால் மணி. கடற்காற்று சுத்தமாக நின்றுபோய், அந்நேரத்திற்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட நாள். காரைக்காலில் எங்கள் பங்குக் கோயிலின் அலுவலக அறையில், உபதேசியார் நூறு வருஷத்துக்கு முந்தைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்தபோது, அந்துருண்டையும் பழந்தோலும் எலிப் புழுக்கையும் கலந்து ஒரு வாசனை எழுந்தது. நான் அடுத்தடுத்து ஆறு முறை தும்மினேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் பிரெஞ்சு படித்திருந்தேன் என்பதால் அப்பா என்னை அழைத்துப் போயிருந்தார். அவர் தையற்காரர், அளவெடுத்து எழுதும் எண்களுக்கு மேல் அவருக்கு எழுத்தோடு அதிகப் பழக்கம் கிடையாது.

காரணம் லூர்து அக்காவின் கல்யாணம். தருமபுரத்தில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் ஒரு விதவையம்மா தன் மகனுக்கு அக்காவைக் கேட்டிருந்தார். ஊரில் அவரை "சொல்தா வீட்டம்மா" என்பார்கள்; சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். நகையைப் பற்றி அவர் பேசவே இல்லை. "அதெல்லாம் பெறவு பாத்துக்கலாங்க. எங்கள்ல பேர் வாங்கின குடும்பத்துலதான் எடுக்குறது. உங்களுக்கு அது இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க" என்றார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர்கள் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, தலைமுறைக்கும் நிற்கும்படி குடும்பப் பெயர் ஒன்றைப் பதிந்துகொண்டவர்கள்தான் "பேர் வாங்கின குடும்பம்". அப்பாவின் தாத்தா சவரிமுத்துக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததாக எங்கள் வீட்டில் பேச்சு உண்டு. அது என்ன பெயர் என்றுதான் யாருக்கும் தெரியாது.

அந்தக் கையெழுத்தைப் படிக்க நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு பதிவும் தேதியைப் பிரெஞ்சில் எழுத்தால் எழுதித்தான் தொடங்கும். மாதங்கள் பன்னிரண்டும் எனக்குத் தெரியும். ஆகவே தெரிந்த சொல்லில் ஒவ்வோர் எழுத்தும் எப்படி வளைகிறது என்று பார்த்து, அப்பா துணி வெட்ட வைத்திருந்த பழுப்புத் தாளில் வரைந்துகொண்டு, தெரியாத பெயர்களின்மேல் அதைப் பொருத்திப் பார்த்தேன். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் உபதேசியார் கையில் தட்டுவார். நான்கு முறை தட்டினார். ஆறாம் நாள், மதிய மணி அடிக்க அவர் எழுந்து போயிருந்த வேளையில், சவரிமுத்து கிடைத்தார். பிறந்த தெருவும் தகப்பன் பெயரும் வீட்டில் சொன்னபடியே இருந்தன. இரண்டு வரி கீழே, கொழுத்த எழுத்தில், லாசெல் என்று ஒரு பெயர். நான் அதற்குமேல் படிக்கவில்லை. "அப்பா, கெடச்சிட்டு" என்று சொன்னபோது அவர் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொல்தா வீட்டம்மா அத்தாட்சி எதுவும் கேட்கவில்லை. கோயில் புத்தகத்தில் இருந்தால் போதும் என்றுவிட்டார். அதே வாரம் நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் வரனுக்கு, அப்பா கும்பிடு போட்டு இல்லையென்று சொல்லி அனுப்பினார். லாசெல் லூர்துமேரி என்று போட்டு முந்நூறு கல்யாணப் பத்திரிகை அச்சாயிற்று. அக்காவுக்கு என்னைக் கேலி செய்வதே வேலையாகிவிட்டது: "முசே லாசெல், ரெண்டு கொடம் தண்ணி எடுத்தாந்துட்டு அப்புறம் தொரை மாதிரி ஒக்காருங்க."

அக்கம்பக்கத்தார் தங்கள் பெயரையும் பார்த்துச் சொல்லச் சொன்னதால் நான் பெருமையோடு மீண்டும் கோயிலுக்குப் போனேன். எதையும் எண்ணிப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. சவரிமுத்து பிறந்த அந்த ஒரு வருஷத்துப் பதிவுகளில் லாசெல் என்ற பெயர் பதினேழு இடங்களில் வந்தது. பதினேழு பிள்ளைகள், பதினேழு வெவ்வேறு தகப்பன்கள்; ஒவ்வொன்றிலும் இந்தப் பெயர் முடிவுக்குச் சற்று முன்னால், அதற்கு அடுத்த வரியில் அதே ஒரு சொல். அந்தச் சொல் என் பாடப்புத்தகத்தில் இல்லாதது. உபதேசியாரிடம் காட்டினேன்.

"அது ஞானத்தகப்பன்டா, ஞானஸ்நானத்தப்ப புள்ளைய ஏந்தி நிக்கிறவரு. யாரோ பெரிய வியாபாரியா இருக்கும். இல்லாத வீட்டுப் புள்ளைங்களுக்கெல்லாம் இப்படி ஒரு ஆளே நிப்பாரு. ஏன், ஒனக்கு என்ன?"

அப்படியென்றால் லாசெல் எங்கள் பெயரே இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது; பத்திரிகையில் நூற்றுத் தொண்ணூறு கொடுத்தாகிவிட்டது. மூன்றாம் நாள், கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"அப்பாகிட்ட நீயே சொல்லு. யாரோ ஒருத்தர் பேர வச்சிக்கிட்டு நான் பீடத்துக்கு முன்னால போயி நிக்க மாட்டேன்."

அப்பா என்னைத் திட்டவில்லை. வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு தருமபுரம் நடந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மா விசிறியை நிறுத்தவில்லை.

"சொல்லாம இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றார்.

"பொண்ணு சொல்லச் சொல்லிச்சிங்க."

"நல்ல பொண்ணு." விசிறியை மடியில் வைத்தார். "ஆனா எங்க சொந்தக்காரங்களுக்கு நான் பதில் சொல்லணுமுங்க. மன்னிச்சிக்குங்க." எங்களுக்கு இரண்டு தம்ளர் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்பினார்.

திரும்பும் வழியில் அப்பா ஒரே ஒரு தடவை பேசினார்: "அந்த மனுசன் நம்ம தாத்தாவையும் ஒரு புள்ளன்னு நெனச்சி கையில தூக்கிருக்காரு பாரு."

நாகப்பட்டினத்து வாத்தியாருக்கு அதற்குள் வேறிடத்தில் நிச்சயமாகிவிட்டது. கல்யாணம் நின்ற பெண் என்ற பேச்சு கோட்டுச்சேரி வரை போய்விட்டதால், பிறகு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அதைக் கேட்டுவிட்டே திரும்பினார்கள். அக்கா ஒருநாளும் என்னைச் சொல்லிக் காட்டியதில்லை. கடைசியில் கோட்டுச்சேரியிலேயே ஒரு தபால்காரர், எந்தக் குடும்பப் பெயரையும் கேட்காமல், அவளைக் கட்டிக்கொண்டு நன்றாக வைத்திருந்தார்.

இப்போது அந்தப் பதிவேடு அலமாரியில் இல்லை. செல்லரித்துப்போனதால் எங்கோ எடுத்துப் போய்விட்டார்களாம். அந்த அறையில் நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உபதேசியார் இல்லை, அப்பா இல்லை, சென்ற வருஷத்திலிருந்து அக்காவும் இல்லை. சவரிமுத்து பெயர் இருந்த அந்தப் பதிவு மொத்தம் ஒன்பது வரி. நான் ஏழாவது வரியோடு நிறுத்திவிட்டேன். படிக்காமல் விட்ட இரண்டு வரிக்கு, தருமபுரத்திலிருந்து நாங்கள் திரும்பிய நாள் தொட்டு அக்கா கோட்டுச்சேரிக்குப் புறப்பட்ட நாள் வரை, நான் கணக்கிட்ட விலை: ஏழு வருஷம், நான்கு மாதம், பதினொரு நாள்.