கரி பஸ்ஸில் பெயர் கூப்பிட்டவர்

முதல் நாள்

கண்டக்டர் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, தோல் பையை மாட்டிக்கொண்டு சேலத்தில் பஸ் பக்கத்தில் விறைப்பாக நின்றேன். டிரைவர் சென்னியப்பன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"காசு அப்பறம் வாங்கிக்கலாம் தம்பி. ஏறுற சனத்துக்கிட்ட மொதல்ல பேரைக் கேளு. கேட்டு எங்கிட்டச் சொல்லு."

"எதுக்குங்கண்ணா?"

"சொன்னதைச் செய்யி."

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோலுக்கு ரேஷன். எங்கள் சேலம்–நாமக்கல் பஸ் மரக்கரியில் ஓடியது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். பின் சீட்டுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸின் முதுகில், ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு டிரம் இருக்கும். அதைப் பிளாண்ட் என்போம். அதில் கரியைக் கொட்டி நெருப்பு வைத்து, காற்று ஊதும் புளோயரைக் கையால் சுற்றினால் கேஸ் கிளம்பும். அந்த கேஸ் குழாய் வழியாக எஞ்சினுக்குப் போகும். மேடு வந்தால் சனம் இறங்கித் தள்ள வேண்டும். "காசையும் குடுத்துட்டுத் தள்ளவும் தள்ளோணுமா?" என்று கேட்டுக்கொண்டே தள்ளுவார்கள்.

சென்னியப்பனுக்கு அப்போதே தலை முழுக்க நரை. முதல் உலகச் சண்டையில் பட்டாளத்தோடு ஈராக்கில் இருக்கும் பாஸ்ராவுக்குப் போய் லாரி ஓட்டியவர். அந்த ரோட்டில் அவருக்கு இருந்த மரியாதை எங்கள் முதலாளிக்குக் கிடையாது. எதிரே வரும் மாட்டு வண்டிக்காரர்கள் வண்டியை ஒதுக்கி நிறுத்தி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் போவார்கள்.

மல்லூர் தாண்டியதும் அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட ஆரம்பித்தார்.

"ராசிபுரம் செட்டியாரே!"

"இருக்கறனுங்க."

"புதுச்சத்திரம் நல்லம்மா!"

"இருக்கறனுங்க சாமி."

பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதைப் போல் இருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எல்லோரையும் கூப்பிட்டு முடித்த பின், "முத்துசாமி!" என்றார். பதில் இல்லை. அந்தப் பெயரில் யாரும் ஏறவில்லை என்பது பெயர் கேட்ட எனக்குத் தெரியும். அவர் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்திருந்துவிட்டு கியரை மாற்றினார். அதோடு என் சிரிப்பு நின்றது.

பின் சீட்டு

அந்த பஸ்ஸின் பின் சீட்டைப் பற்றி ஊரில் பேச்சு இருந்தது. செத்துப்போன அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை கேட்டதாக ஒருவர் சொன்னார். காய்ந்து கிடந்த சோளக்காடு முழுக்கத் தண்ணீர் நின்றதைப் பார்த்ததாக இன்னொருவர் சொன்னார். எல்லாம் பட்டப்பகலில். நியாயமாகப் பார்த்தால் சனம் பயந்து ஓடியிருக்க வேண்டும். நம் சனம் பின் சீட்டுக்கு முண்டியடித்தது. யார் வீட்டில்தான் சாவு இல்லை? முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

மல்லூரில் பாவாயி என்று ஒரு அம்மாள் ஏறுவார். ஒரே மகன் ராசு, பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனவன். ஜப்பான்காரனிடம் சிங்கப்பூர் விழுந்த பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. சந்தை நாள் தவறாமல் அந்த அம்மாள் வெறுங்கூடையோடு ஏறுவார், வெறுங்கூடையோடு திரும்புவார். பின் சீட்டில்தான் உட்காருவார். வேறு யாராவது அங்கே இருந்தால், அவரைப் பார்த்ததும் எழுந்து இடம் விடுவார்கள்.

ஒரு நாள் டிக்கெட் போடப் போனபோது, அவர் பக்கவாட்டில் திரும்பி மெல்லப் பேசிக்கொண்டிருந்தார். "சாப்பிட்டயா கண்ணு?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "செரி, செரி" என்று தலையாட்டினார்.

"ஆருகிட்டம்மா பேசறீங்க?" என்றேன்.

"எம் பையங்கிட்டத்தானுங்க. சன்னலோரம் உக்காந்திருக்கறானே, தெரியலீங்களா?"

சன்னலோரம் வெயில்தான் இருந்தது. நான் பாக்கிச் சில்லறையைக்கூடக் கொடுக்காமல் முன்னால் வந்துவிட்டேன்.

பதில் வராத நாள்

ஆடி மாதம். காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்ததால், சனம் இரண்டு பக்கமும் படுதாவை இறக்கிவிட்டிருந்தது. ராசிபுரத்துக்கு முன்னால் சென்னியப்பன் பெயர் கூப்பிட்டார்.

"மல்லூர்ப் பாவாயி!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அதற்கும் இல்லை. அவர் பிரேக்கை மிதித்த வேகத்தில் நான் கம்பியில் முட்டிக்கொண்டேன். நான் நிமிர்வதற்குள் அவர் பின் சீட்டில் இருந்தார்.

பாவாயி சன்னலோரம் சாய்ந்திருந்தார். பாதிக் கண் திறந்திருந்தது. கன்னம் இரண்டும் குங்குமம் பூசினாற்போலச் சிவந்து, வாயில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. சென்னியப்பன் ஒற்றை ஆளாக அவரைத் தூக்கிப் போய்ப் புளியமரத்தடியில் கிடத்தினார். நான் துண்டால் விசிறினேன். சென்னியப்பன் அந்த அம்மாளின் தோளைப் பிடித்து உலுக்கி, பெயர் சொல்லிக் கத்திக்கொண்டே இருந்தார். தொண்டை கம்மிய பிறகும் விடவில்லை.

கடைசியில் பாவாயி குமட்டி வாந்தி எடுத்தார். கண் விழித்ததும் அந்த அம்மாள் சென்னியப்பனின் நெஞ்சில் குத்தினார்.

"ஏனுங்க எழுப்புனீங்க? இப்பத்தானுங்க, 'வா ஆத்தா'ன்னு கையைப் புடிச்சான்!"

சென்னியப்பன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியே என்னிடம் சொன்னார்.

"பாஸ்ராவுல குளிருக்குக் கூடாரத்தை இறுக்கிக் கட்டிக்கிட்டு, உள்ள கரி அடுப்பு வெச்சுப் படுப்பாங்க தம்பி. நான் அன்னைக்கு வெளிய காவலு. விடிஞ்சு போய்ப் பாத்தேன். முத்துசாமியும் மத்தவங்களும் இதே நெறத்துல, இதே மாதிரி சிரிச்சுக்கிட்டுக் கெடந்தாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒருத்தனும் ஏன்னு கேக்கல."

பிளாண்டின் மூடியில் சுற்றும் கல்நார் கயிறு இற்றுப்போய், கேஸ் பின் சீட்டுப் பக்கம் கசிந்துகொண்டிருந்தது. அந்த கேஸுக்கு வாசனை கிடையாது; மூச்சில் ஏறினால் இல்லாததைக் கண்ணில் காட்டும், தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். களிமண் பூசினால் சூட்டில் வெடித்துவிடும். முதலாளியிடம் புதுக் கயிறு கேட்டுக் கேட்டு அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். யாராவது மயங்கினால் தெரியட்டும் என்றுதான் பெயர் கூப்பிட்டார். பேய் இல்லை, புகைதான் என்று தெரிந்த பின் என் பயம் போயிருக்க வேண்டும். அன்றைக்குத்தான் அது கூடியது.

கயிறு

"சண்டைக் காலத்துல கயித்துக்கு நான் எங்கய்யா போவேன்?" என்றார் முதலாளி. "அந்த சீட்டாலதான வண்டியே நெறையுது."

"அப்ப நீங்களே ஓட்டிக்கங்க" என்று சென்னியப்பன் காக்கிச் சட்டையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

அந்தக் கரி வண்டியை மல்லுக்கட்டி ஓட்ட அந்த ரோட்டில் வேறு ஆள் இல்லை. மறுநாளே மேட்டூரிலிருந்து கயிறு வந்தது. மூடியை இறுக்கி, பின் பலகை ஓட்டையெல்லாம் அடைத்தோம். பின் சீட்டுக்கு வரும் சனம் குறைந்தது.

அடுத்த சந்தை நாளில் பாவாயி ஏறினார். போகிற வழியெல்லாம் சன்னலோரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுச்சத்திரத்தில் இறங்கி, டிரைவர் பக்கம் வந்து நின்றார். கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஏனுங்க சாமி, எம் பையனை எங்க எறக்கி உட்டீங்க?"

சென்னியப்பன் துண்டை எடுத்து ஸ்டீயரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டிக்கெட் எண்ணுவது போலத் திரும்பிக்கொண்டேன்.

அதற்கடுத்த சந்தை நாளிலும் பாவாயி வந்தார். சென்னியப்பன் எல்லோரையும் கூப்பிட்டு முடித்து, முத்துசாமியையும் கூப்பிட்டு, அதற்குப் பிறகு "மல்லூர் ராசு!" என்றார்.

பின்னாலிருந்து பாவாயியின் குரல் வந்தது. "இருக்கறானுங்க."

அன்றிலிருந்து ஒவ்வொரு சந்தை நாளும் அப்படித்தான். கொஞ்ச நாளில் முத்துசாமிக்கும் அந்த அம்மாளே பதில் சொல்ல ஆரம்பித்தார். "அவனும் இருக்கறானுங்க" என்பார். சென்னியப்பன் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வரும்.

டிக்கெட்

சண்டை முடிந்தது. பெட்ரோல் வந்தது. பிளாண்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். ராசு வரவில்லை. ஒரு மார்கழியில் காய்ச்சல் கண்டு பாவாயி இறந்துபோனார்.

அதற்கு அடுத்த சந்தை நாள். உச்சி வெயில், கூட்டம் குறைவு. சன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. பின் சீட்டில் ஆள் இல்லை. சென்னியப்பன் பழக்க தோஷத்தில், "மல்லூர் ராசு!" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கறனுங்க."

இளவட்டக் குரல். பின்னாலிருந்துதான் வந்தது. முன் சீட்டில் இருந்த செட்டியார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பின் சீட்டைப் பார்த்தேன். வெறும் சீட்டு. கரி இல்லை, பிளாண்ட் இல்லை, புகை மேல் பழி போட வழியும் இல்லை.

சென்னியப்பன் திரும்பவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான குரலில் சொன்னார்.

"என்ன தம்பி பாத்துக்கிட்டு நிக்கறே? ஆளு ஏறியிருக்குதில்ல, டிக்கெட்டைப் போடு."

ஒரு டிக்கெட் கிழித்துப் பின் சீட்டில் வைத்தேன். புதுச்சத்திரத்தில் பார்த்தபோது அது அங்கே இல்லை. காற்றில் பறந்திருக்கும். சன்னல் திறந்துதானே இருந்தது.

அதற்குப் பின்னும் வண்டி ஓட்டிய வரைக்கும் அவர் பெயர் கூப்பிடுவதை விடவில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாளில் நான் பக்கத்தில் இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அவர் கண்ணை மூடியபடியே, தெளிவாக, "இருக்கறனுங்க" என்றார். முத்துசாமிதான் கூப்பிட்டிருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது கண்டக்டர் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. பின் சீட்டில் தூங்குகிறவரைத் தூங்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வரும் வரைக்கும் அங்கிருந்து நகராதீர்கள். பதில் வந்துவிட்டால், ஆள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுங்கள்.