சேலைக்குள் வந்த பன்னிரண்டாம் தட்டு

வேலூரிலிருந்து சென்னைக்கு நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர். ஆடித் தள்ளுபடிக்குப் புடவை எடுக்க அவ்வளவு தூரம் போகிறவர்களை நான் வாய்க்கு வந்தபடி கேலி செய்திருக்கிறேன். 2001-ஆம் ஆண்டு ஆடி முடியப்போகிற நேரத்தில், பள்ளிக்கூடம் இல்லாத ஒரு சனிக்கிழமை விடிகாலையில், நானே அந்தக் கூட்டத்தோடு இடித்துப் பிடித்து பஸ் ஏறினேன். மற்றவர்களுக்குப் புடவை வேண்டும். எனக்கு அதன் மடிப்புக்குள் வைக்கிற அட்டை வேண்டும்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியம் என்பீர்கள். எங்கள் வீட்டு மாடியில் மிச்சிகோ என்ற ஜப்பானியப் பெண் இரண்டு வருடம் குடியிருந்தாள். மருத்துவமனைப் பயிற்சிக்கு வந்தவள். ஊர் திரும்பும்போது தன் ரெக்கார்டு பிளேயரையும் நான்கு ஜாஸ் இசைத்தட்டுகளையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். முதல் வாரம் அது எனக்குச் சங்கீதமாகவே படவில்லை. அடுத்த வாரம் அது ஓடாமல் எனக்குச் சமையல் ஓடவில்லை. நான்கும் ஒரே கம்பெனியின் வெளியீடு. உறையின் மூலையில் சின்னதாக ஒரு குடை வரைந்திருக்கும். அந்தக் குடைக் கம்பெனிக்காரர்கள் மொத்தம் பதினேழு தட்டுகள் போட்டுவிட்டுக் கடையைக் கட்டிவிட்டார்களாம். மிச்சிகோ வருடத்துக்கு ஒன்றிரண்டாக அனுப்பி வைத்தாள். பழைய சாமான் கடைகளில் நானும் கொஞ்சம் பிடித்தேன். பதினாறு சேர்ந்தன. ஊரில் பெண்கள் நகை சேர்க்கிறார்கள், இவள் வட்டம் சேர்க்கிறாள் என்பார் என் கணவர்.

பன்னிரண்டாவது மட்டும் வரவில்லை. ஒருவர் தனியாகப் பியானோ வாசித்த தட்டு அது. ஜப்பானிலேயே கிடைக்கவில்லை என்று மிச்சிகோ எழுதிவிட்டாள். மற்ற பதினாறு உறைகளின் பின்னாலும் அதன் பெயர் அச்சாகியிருக்கும். பல்லிடுக்கில் சிக்கிய பாக்குத்தூள் மாதிரி அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படி இருக்கும்போது என் நாத்தனார் விமலா, வண்ணாரப்பேட்டையில் எடுத்த பூனம் புடவையைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தாள். புடவை என்ன நிறம் என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது. உள்ளே விறைப்புக்காக வைத்திருந்த அட்டையின் மூலையில் குடை, அதன் பக்கத்தில் பன்னிரண்டு என்ற எண். உறையை ஓரத்தில் வெட்டி இரண்டு அட்டையாகப் பிரித்திருக்கிறார்கள், எங்களுக்கு வாய்த்தது முன்பக்கம். நான் போட்ட சத்தத்தில் விமலா புடவையில் கிழிசல் என்று நினைத்துக்கொண்டாள். முன்பக்கம் வண்ணாரப்பேட்டைக்கு வந்திருக்கிறது என்றால் பின்பக்கமும் தட்டும் அங்கே எங்கேயோதான் இருக்க வேண்டும். கண்டுபிடித்துவிடலாம் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

காலை ஒன்பது மணி வாக்கில் நானும் விமலாவும் பிராட்வேயில் இறங்கினோம். பஸ் நிலையத்திலிருந்து பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு மூன்று கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் நாற்பது ரூபாய் கேட்டார்.

"இன்னாம்மா, ஆடி கூட்டத்துல வண்டி உள்ள பூராது. முன்னாடியே எறக்கி வுட்டுருவேன், அதுக்கும் சேத்துதான் நாப்பது" என்றார்.

"உள்ளே போகாததுக்கும் சேர்த்துக் காசா?" என்றேன்.

"உள்ள பூந்தா திரும்பி வரச் சொல்ல சாயங்காலம் ஆய்டும். அதுக்கு நூறு கேப்பேன்" என்றார். நியாயம்தான். விமலா முப்பதுக்கு முடித்தாள்.

எம்.சி. ரோட்டில் அன்று நடந்தோம் என்று சொல்வது தப்பு, கூட்டம் எங்களைக் கொண்டுபோய் விட்டது. நைட்டி, பாவாடை, ஜாக்கெட் துணி எல்லாம் கயிற்றில் தொங்கின. தள்ளுவண்டியில் குவிந்திருந்த கர்ச்சீப்பின் விலையை ஒருவர் பாட்டாகவே கூவிக்கொண்டிருந்தார். விமலா புடவை எடுத்த கடை ஒரு சந்தின் முனையில் இருந்தது. விற்பனைக்கு நின்றவர் பெயர் ரஃபீக், முப்பது வயது இருக்கும். எங்களை உட்காரவைத்து மேலேயிருந்து புடவைகளை இறக்க ஆரம்பித்தார்.

"பாருங்கக்கா, அல்லாம் நேத்து எறங்குன சரக்கு. கலரு போவாது, சாயம் வுடாது."

ஒவ்வொன்றையும் அவர் உதறி விரிக்க, நான் அவர் கையிலிருந்து நழுவும் அட்டையை மட்டும் எட்டிப் பார்த்தேன். கிமோனோ கட்டிய பாடகி. மலையும் ரயிலும். முடியை ஊதிவிட்டுக்கொண்ட நான்கு பையன்கள். "அடுத்தது" என்றேன். மறுபடியும் ஒரு பாடகி. "அடுத்தது." எங்கள் முன்னால் இடுப்பு உயரத்துக்குப் புடவை குவிந்துவிட்டது. எதையும் எடுக்காமல் எல்லாவற்றையும் பார்க்கிற பெண்கள் ரஃபீக்குக்குப் புதிதில்லை, ஆனால் பார்க்கவே பார்க்காமல் அடுத்தது கேட்கிறவளை அன்றுதான் பார்த்திருப்பார்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. நீங்க இன்னாதான் தேடுறீங்க? பார்டரா, முந்தானையா?"

"அட்டை" என்றேன்.

அவர் விமலாவைப் பார்த்தார். விமலா தலையைக் குனிந்துகொண்டாள். நான் கைப்பையிலிருந்த முன்பக்கத்தை எடுத்துக் காட்டி, இதன் ஜோடி வேண்டும் என்று விளக்கினேன்.

"இத மொதல்லயே சொல்லி இருந்தா நாப்பது பொடவய மடிக்கிற வேல மிச்சம் ஆயிருக்குமே!" என்று தலையில் கைவைத்தவர், மறு நிமிடமே சிரித்துவிட்டார். உள்ளே போய், இன்னும் புடவைக்குள் போகாத அட்டைக் கட்டு ஒன்றை இழுத்து வந்தார். கட்டின் நடுவில் என் பின்பக்கம் இருந்தது. பியானோக்காரரின் படம், பாட்டுகளின் பட்டியல், மூலையில் குடை. என்னையறியாமல் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அட்டைக்குக் காசு வேண்டாம் என்றார் ரஃபீக். விமலா வெட்கத்துக்கு விலையாக நூற்று இருபது ரூபாயில் இரண்டு புடவை எடுத்தாள்.

"தட்டு எங்கே?" என்றேன்.

"தட்டா? அது நம்ம கிட்ட வராதுக்கா. திருவொத்தியூர் தேரடி தாண்டி தேவராஜ் அண்ணன் பைப்பு கம்பெனி கீது. ஜப்பான்லேருந்து கன்டெய்னர்ல பிளாஸ்டிக் கழிவு வரும். சிடி வந்தப்பறம் அங்க இத யாரும் சீண்டுறதில்லையாம். அட்டைய நமக்குக் குடுத்துட்டு தட்ட அவுங்க அரைச்சிருவாங்க."

அரைத்துவிடுவார்கள் என்றதும் நான் எழுந்துவிட்டேன். இசைத்தட்டு என்பது பாலிவினைல் குளோரைடு என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதுகிற கெமிஸ்ட்ரி டீச்சர் நான். அதை அரைத்துக் குழாய் செய்யலாம் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அங்கிருந்து திருவொற்றியூர் தேரடிக்கு ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். பேரம் பேச விமலாவை நான் விடவில்லை. தண்டையார்பேட்டை தாண்டியதும் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். காற்றில் ஒரு மூச்சுக்கு டீசல், அடுத்த மூச்சுக்குக் கருவாடு, அதற்கடுத்ததில் பெயர் தெரியாத ஏதோ ஒரு ஆசிட். வகுப்பில் மாணவர்கள் முகத்தைச் சுளித்தால் திட்டுகிற நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன். சந்துகளின் கடைசியில் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்து மறைந்தது. லாரி நகர்ந்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

பைப்பு கம்பெனி என்றால் தகரக் கொட்டகை ஒன்று, உள்ளே அரவை மெஷின் ஒன்று, குழாய் பிழியும் மெஷின் ஒன்று. வாசலில் சாக்கு மூட்டைகள். முதலாளி தேவராஜ் ஐம்பது வயதுக்காரர், பனியனோடு நின்றுகொண்டிருந்தார். என் இரண்டு அட்டையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே தட்டு பிரிக்கும் கஸ்தூரியைக் கூப்பிட்டார். கஸ்தூரிக்கு என் வயதுதான் இருக்கும், கையெல்லாம் கறுப்புத் தூள்.

"நாங்க ஒண்ணும் கண்ண மூடிக்கினு அரைக்கிறவங்க இல்ல மேடம்" என்றார் தேவராஜ். சுவர் அலமாரியில் ஒரு பழைய பிளேயர் இருந்தது. "அல்லாத்தையும் போட்டுக் கேப்போம். நல்லா கீறத எடுத்து வெப்போம். வேணும்னு வர்றவங்களுக்குக் குடுப்போம். பாருங்க."

பிளேயரின் பக்கத்தில் முப்பது தட்டுகள் பத்திரமாக அடுக்கியிருந்தன. மடமடவென்று புரட்டினேன். பாடகிகள், பாடகர்கள், குழந்தைகள் பாட்டு. குடை ஒன்றுகூட இல்லை.

"இதெல்லாம் பாடுகிற தட்டு. வெறும் வாத்தியம் வாசிச்சது எங்கே?"

"பாட்டே இல்லாம எவன் கேப்பான் மேடம்? ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேன்றான்" என்றார்.

கஸ்தூரி என் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இந்தப் படம் நெனப்பு கீது. பியானோ ஆளு. இது ஓடிக்கினு இருந்துச்சு, நல்லாதான் இருந்துச்சு. நான்தான் இருக்கட்டும்னு வெச்சேன். அப்பறம் நடுவுல நின்னு நின்னு போச்சு. ஒரு டிங்கு வரும், அப்பறம் ஒண்ணும் வராது. முள்ளத் தூக்கித் தூக்கி வெச்சுப் பாத்தேன் அக்கா. எங்க வெச்சாலும் அதே மாறி நின்னுச்சு. தட்டு கெட்டுப் போச்சுன்னு எடுத்து மெஷின்ல போட்டேன்."

தட்டு கெட்டுப்போகவில்லை. பியானோக்காரர் நிறுத்தியிருக்கிறார். குடைக் கம்பெனிக்காரர்களின் பெருமையே அதுதான், வாசிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் ஒன்றும் வாசிக்க மாட்டார்கள். மற்ற பதினாறிலும் நான் காத்திருந்து கேட்பது அந்த இடங்களைத்தான். இதை நான் சொன்னதும் கஸ்தூரி என்னை நம்பாமல் பார்த்தாள்.

"வேணும்னேவா நிறுத்துனான்?"

"வேணும்னேதான்."

"சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம் இல்ல?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள், அவர் மேல். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மூலையிலிருந்து ஒரு சாக்கை இழுத்து வந்து கொட்டினாள். தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் கலந்தால் குழாய் பொத்துவிடுமாம், அதனால் அரைப்பதற்கு முன் நடு வட்டத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். சாக்கு நிறைய நடு வட்டங்கள். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கிளறினோம். விமலாதான் கண்டுபிடித்தாள், "அண்ணி, குடை!" என்று கத்தினாள். பன்னிரண்டு. உள்ளங்கை அகல வட்டம், நடுவில் துளை, சுற்றிலும் பிசிறு. நான் அழுதேன். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

தேவராஜ் சங்கடத்தில் நெளிந்தார். "அந்தத் தட்ட அரைச்ச லாட்டு பைப்பு இன்னும் விக்கல மேடம்" என்று உள்ளேயிருந்து ஒரு கறுப்புச் சுருளைக் கொண்டுவந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பு, இருபது மீட்டர். மீட்டர் ஆறு ரூபாய். "எடுத்துக்கினு போங்க, காசு வேணாம்."

நான் நூற்று இருபது ரூபாயை எண்ணி அவர் கையில் வைத்தேன். மற்ற பதினாறில் ஒன்றையும் நான் இனாமாக வாங்கியதாக நினைவில்லை என்றேன். அது பொய், ஆனால் அந்த நேரத்துக்கு நன்றாக இருந்தது.

திருவொற்றியூர் நிலையத்தில் மின்சார ரயில் பிடித்தோம். தோளில் குறுக்காகச் சுருளை மாட்டிக்கொண்டு நான் ஏறியதும் எதிரில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னா விலைமா?" என்று கேட்டு, சொன்னதும், "கடையில எட்டு ரூவா, நல்லா புட்ச்சிக்கினு வந்துட்ட" என்றார். அன்றைக்கு என்னைப் பாராட்டியவர் அவர் ஒருவர்தான். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, ராயபுரம் என்று காலையில் நான் கர்வத்தோடு தாண்டி வந்த ஊர்களே திரும்பவும் போயின. கடற்கரை நிலையத்தில் இறங்கி, நடந்து, வேலூர் பஸ் பிடித்தோம்.

இப்போது என் அலமாரியில் பதினேழும் இருக்கின்றன. பன்னிரண்டாவதின் இரண்டு அட்டைகளையும் விமலா ஓரம் தைத்துக் கொடுத்தாள், உள்ளே அந்த நடு வட்டம் இருக்கிறது. யாராவது முழு வரிசையும் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்றே சொல்கிறேன்.

வேலூரில் தண்ணீருக்குப் பஞ்சம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு, அந்தக் கறுப்புக் குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு செடிகளின் முன்னால் நிற்பேன். இருபது மீட்டர் அல்லவா, தண்ணீர் வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை ஒன்றும் வராது. "என்ன அண்ணி, அடைச்சுக்கிச்சா?" என்று பக்கத்திலிருந்து விமலா கேட்பாள். பேசாமல் இரு என்று அவளை அதட்டிவிட்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.