எங்கள் யானையின் பின்கால்கள்

கலா ரீச்சர் போய்விட்டா... இன்று விடிய, வவுனியா ஆஸ்பத்திரியில். கிட்னி வருத்தம், கனகாலமாக இழுத்துக்கொண்டிருந்தது.

நல்ல போட்டோ ஒன்று போடச் சொல்லி இன்பொக்ஸில் கேட்கிறீர்கள். என்னிடம் இருப்பது இது ஒன்றுதான். இந்தப் படத்தில் தெரிகிற யானையின் இரண்டு பின்கால்களும் கலா ரீச்சர். முன்கால்கள் நான்.

ஒட்டுசுட்டானுக்கு உள்ளே இருக்கிற எங்கள் சின்ன முன்பள்ளியில் நானும் அவாவும்தான் ரீச்சர்மார். ஒரே வகுப்பறை, ஒரே சைக்கிள், ஒரே கரைச்சல்.

விளையாட்டுப் போட்டி என்றால் வினோத உடை இருக்கும். வசதியான முன்பள்ளிகள் யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு வருவார்கள்... மினுங்குகிற சட்டை, முடி, வாள் எல்லாம். எங்கள் பிள்ளைகளின் தாய் தகப்பன் கூலி வேலை செய்கிற ஆட்கள்.

"வாடகை உடுப்பு எங்கட படலைக்குள்ள வரக்கூடாது" என்பது கலா ரீச்சரின் சட்டம். உரப்பையில் தபால்காரன், பழைய சேலையில் வண்ணத்துப்பூச்சி, ஈர்க்கிலும் சோடாப் போத்தலிலும் மயில்.

ஒரு தாய் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னா, "ரீச்சர், மற்றப் பிள்ளையள் பார்த்துச் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும் பிள்ளை, அதுக்குத்தானே வினோத உடை. ஆனா எங்கட மயில் தலை குனியாது."

குனியவில்லை. மயிலாக நின்ற அந்தப் பிள்ளையை எனக்கு இன்றைக்கும் தெரியும், இப்போது பெரிய பெட்டை.

ஒரு வருசம் போட்டிக்கு முந்தின கூட்டத்தில் ஒரு பெரியவர் எழும்பி, ஒட்டுப்போட்ட உடுப்புகளால் நிகழ்வின் தரம் குறைகிறது என்றார். எங்கள் பக்கம் பார்த்துத்தான் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

கலா ரீச்சர் எழும்பினா. "சரி சேர். இந்தமுறை கொஞ்சம் பெருசா ஒட்டுறம்."

ரீச்சர்மாருக்கும் ஒரு வினோத உடைப் போட்டி இருந்தது. அதற்குத்தான் யானை.

காட்டுத்தடியில் கூடு கட்டினோம். தண்ணி இறைக்கிற மெசினின் பழைய உறிஞ்சு குழாய்தான் தும்பிக்கை. அந்த வரி வரியான சுருக்கம் வேறு எதிலும் வராது.

தோலுக்குத் தறப்பாள். சண்டைக்குள் இடம்பெயர்ந்து இருந்த முகாமில் அவா குடும்பம் கூரையாகக் கட்டியிருந்த அதே தறப்பாள். வெட்ட எனக்குக் கை வரவில்லை... கத்திரிக்கோலை அவாவே வாங்கினா. "இதுக்குக் கீழ கிடந்து அழுதது காணும். இனி இதுக்குள்ள நிண்டு ஆடுவம்."

சுவருக்கு அடித்து மிஞ்சின சாம்பல் நிறப் பெயின்ற்றைப் பூசி, காயட்டும் என்று பின்வளவில் வேலியோரம் விட்டோம்.

பொழுதுபடுகிற நேரம் படார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் யானையின் ஒரு காது எரிகிறது. அடுத்த காணிக் கந்தையா அண்ணை தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். வாழைக்கு வந்த யானை என்று நினைத்து யானை வெடியைக் கொளுத்தி எறிந்திருக்கிறார்.

"ஐயோ பிள்ளையள்... நான் உண்மையான யானையெண்டெல்லோ நினைச்சன்."

நான் அழுதுவிட்டேன். கலா ரீச்சர் சிரித்த சிரிப்பு ரோட்டுக்குக் கேட்டிருக்கும். "அண்ணை, இதை அப்பிடியே நாளைக்கு மைதானத்தில வந்து சொல்லுங்கோ."

எரிந்த இடத்துக்குச் சாம்பல் துணி போடுவோம் என்றேன். அவா சிவப்புத் துணி எடுத்தா. ஒட்டு எல்லாருக்கும் தெரியவேண்டுமாம்.

மைதானத்தில் அந்தப் பெரியவர் "காதில என்ன ஒட்டு?" என்று கேட்டார். சனத்துக்குள் இருந்து கந்தையா அண்ணை எழும்பி, உண்மையான யானை என்று வெடி எறிந்த கதையைச் சொன்னார். மைதானமே விழுந்து விழுந்து சிரித்துக் கைதட்டியது.

பரிசு வாடகைச் சிங்கத்துக்குத்தான் கொடுத்தார்கள்.

உடனே பின்னுக்கு நின்ற கலா ரீச்சர் என் இடுப்பைப் பிடித்துத் திருப்பினா. யானையின் பின்பக்கம் மேடையைப் பார்த்து நின்றது. வால் கயிறு அவா கையில்... நன்றாக ஆட்டினா. இந்தப் போட்டோ அப்போது எடுத்ததுதான்.

போன கிழமை வார்ட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. "எனக்கு வாடகைச் சோடினை ஒண்டும் வேண்டாம். யானையைக் கொண்டு வாங்கோ." விசர்க்கதை கதையாதேங்கோ என்றேன். "நான் பகிடி விடேல்லை" என்றா.

இன்று அவாவின் சொந்தக்காரர் சோடித்த பிரேத வாகனத்துக்குச் சொல்லிவிட்டார்கள். யானைக் கதையை எடுத்தேன். "செத்தவீட்டில கோமாளிக்கூத்தோ? சனம் என்ன சொல்லும்?"

சனம் என்ன சொல்லும் என்று அவா ஒருநாளும் கேட்டதில்லை. நானும் கேட்கப்போவதில்லை. வாகனமும் வரட்டும், யானையும் வரும்.

இப்போது முன்பள்ளி விறாந்தையில் தாய்மார் இருந்து தறப்பாளைத் தைக்கிறார்கள். அந்த மயிலும் ஊசியோடு இருக்கிறாள். கந்தையா அண்ணை அழுதழுது வந்து, வெடி கொளுத்துறது தன்ர பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெண்கள் சுடலைக்கு வரக்கூடாது, சந்தியோடு நிற்கவேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். பெண்களுக்குத்தானே அண்ணை அந்தச் சட்டம், யானைக்கு இல்லையே என்றேன். சுடலை வரைக்கும் போவேன்.

பின்காலுக்கு வாறம் என்று கனபேர் கேட்டீர்கள். கோவிக்காதேங்கோ, ஒருவரும் வேண்டாம். பின்பக்கம் வெறுமையாக இழுபட்டுக்கொண்டு வரட்டும்.

கயிற்றை நீட்டி முன்னுக்குக் கட்டியிருக்கிறேன்.

போயிட்டு வாங்கோ ரீச்சர்... வாலை நான் ஆட்டுறன்.