ஆடிட்டருக்கு இரண்டு கட்டணம்

ஒரகடத்தில் கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் கணக்கு மேலாளர். எங்கள் ஆடிட்டருக்கு வருஷத்துக்கு இரண்டு கட்டணம். கணக்கைத் தணிக்கை செய்ய ஒன்று, வரி ஆலோசனைக்கு ஒன்று. முதலாவதை, கத்தரிக்காய் வாங்குவதுபோல பேரம் பேசிக் குறைப்பேன். இரண்டாவது அதைவிடப் பல மடங்கு பெரியது. அதில் மட்டும் வாயே திறக்காமல் கேட்டதைக் கொடுத்துவிடுவோம். தாராள மனசு என்று நினைத்துவிடாதீர்கள். தணிக்கை அறிக்கையில் அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த வருஷத்து ஆலோசனை ஒப்பந்தத்தில் முதலாளி கையெழுத்துப் போடுவார். இந்த ஏற்பாட்டைச் செய்தவனே நான்தான். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஆடிட்டர் ஐம்பதை நெருங்கும் பெண்மணி. குன்றத்தூரில் ஒரு மாடியறைதான் அலுவலகம். உதவிக்கு இரண்டு பேர். எங்கள் ஆலோசனைப் பணத்தில்தான் அந்த அலுவலகமே ஓடுகிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வருஷம், நாங்கள் பாகம் கொடுத்துவந்த கார் மாடல் நின்றுபோனது. செய்து வைத்த சரக்கு பெட்டி பெட்டியாகக் கிடங்கில் தேங்கிவிட்டது. யாரும் வாங்கப் போவதில்லை. கணக்கிலோ அதற்கு முழு விலை. குறைத்துக் காட்டினால் லாபம் நஷ்டமாகும், வங்கி முகம் சுளிக்கும். மார்ச் கடைசியில் சரக்கை எண்ண அவர் வருவதற்கு முன்னால், அந்தப் பெட்டிகளை லாரியில் ஏற்றும் இடத்துக்கு நகர்த்தச் சொன்னேன். நாளைக்கே விற்கப்போகும் சரக்கு என்று நினைத்துக்கொள்வார் அல்லவா?

எங்கள் பகுதிக் கிடங்குகளில் பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், மாதத்துக்கு ஒரு நிறம். பழையது முதலில் போக வேண்டும் என்பதற்காக. எந்த மாதத்துக்கு எந்த நிறம் என்ற அட்டை வாசலிலேயே தொங்கும். பெட்டியை நகர்த்தச் சொன்ன மகா புத்திசாலிக்கு ஸ்டிக்கர் ஞாபகம் வரவில்லை.

ஆடிட்டர் அட்டையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். வடக்குப்பட்டுக்காரரான ஸ்டோர்கீப்பரிடம், "அண்ணா, இது ஜூன் மாசத்துக் கலராச்சே, இன்னும் ஏன் போகல?" என்றார்.

"எங்க மேடம் போவுது? அந்த மாடலே இப்ப கெடையாது. எல்லாம் இங்கியேதான் கீது." அவருக்கு என் தந்திரம் எதுவும் தெரியாது, பாவம்.

என் அறைக்கு வந்ததும், "இதோட மதிப்பக் குறைச்சுத்தான் சார் ஆகணும்" என்றார் ஆடிட்டர். நான் ஆலோசனை ஒப்பந்தத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"முதலாளி கையெழுத்துப் போட ரெடியா இருக்காரு மேடம். உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் வெயிட்டிங்."

கடைசி வரி வரை படித்தார். தொகை இருந்த இடத்தில் அவர் கண் சற்று நின்றதை நான் பார்த்தேன். பிறகு மடித்து என் பக்கமே தள்ளினார்.

"இத வாங்கிக்கிட்டா, நான் இவ்ளோ நேரம் எண்ணினதுக்கு அர்த்தமே இல்ல சார்."

கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்த மனிதருக்கும் ஒரு தொகை உண்டு என்று நம்பியே உத்தியோகம் பார்த்தவன் நான்.

மதிப்பு குறைந்தது, நஷ்டம் வந்தது. ஆலோசனை வேறொருவருக்குப் போனது. நடுவில் ஆடிட்டரை மாற்றினால் வங்கி காரணம் கேட்கும் என்பதால் தணிக்கை மட்டும் அவரிடமே நின்றது.

அடுத்த மார்ச்சில் வாலாஜாபாத் பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக நடந்து வந்தார்.

"உங்க ஆளுங்க வரலையா மேடம்?"

"வேற எடம் பாத்துக்கிட்டாங்க சார். அவங்க சம்பளம் அந்த ஒப்பந்தத்துலதான் இருந்துது."

கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிடங்கு ஏணியில் ஏறினார். நான் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மிஞ்சியிருந்த அந்தச் சின்னக் கட்டணத்துக்கு, ஒரு பெட்டி விடாமல் எண்ணினார்.