நிறைந்த சார்ஜோடு மலை இறங்கிய நாள்

சென்ற கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருக்கும். போடிமெட்டு மலைச்சாலையில் ஒரு வளைவை ஒட்டி என் புது எலக்ட்ரிக் லோடு வண்டியை நிறுத்தி, இறங்கி நின்றேன். வண்டி வாங்கி ஒன்பதே நாள். பின்னால் பதினொரு மூட்டை ஏலக்காய். அது என்னுடையது அல்ல.

நாங்கள் போடியில் ஜீப் ஓட்டும் குடும்பம். அப்பா மலைக்கு ஆள் ஏற்றியே எங்களை வளர்த்தார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தேன். அதனால் கரண்டு பில்லிலிருந்து மாத்திரை அட்டை வரை எங்கள் தெருவில் எல்லாம் என்னிடம் வரும். நான் பார்த்துச் சொன்னால் யாரும் மறுபடி கேட்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் எனக்குள் ஒரு மிதப்பை வளர்த்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

எலக்ட்ரிக் வண்டி எடுக்கப்போகிறேன் என்றதும் ஜீப் ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. "என்னா மாப்ளே, வளைவுக்கு வளைவு பிளக்கு மாட்டி வச்சிருக்காகளா?" என்றார் ஒருவர். "பாதி மலையில நின்னா சொல்லு, கயிறு கொண்டாறேன்" என்றார் இன்னொருவர். நான் விடவில்லை. "ஏறும்போதுதாண்ணே சார்ஜ் குறையும். எறங்கும்போது வண்டியே திருப்பி ஏத்திக்கும். எல்லாம் படிச்சுட்டேன்" என்றேன்.

உண்மையில், வண்டியோடு வந்த புத்தகத்தில் பாதியைத்தான் படித்திருந்தேன்.

வண்டி நன்றாகத்தான் இருந்தது. கியர் மாற்றும் வேலை இல்லை. உர மூட்டையோடு ஏற்றத்தில் மிதித்தால் திணறாமல் இழுத்தது. வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் ஏறியது. சத்தமே இல்லாததால் ராசிங்காபுரம் ரோட்டில் ஆடுகள் மட்டும் நகர மாட்டேன் என்று நின்றன; அதற்கு ஹாரன் அடித்துப் பழகிக்கொண்டேன். ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தால் யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் வண்டி தானாகவே வேகம் குறையும். அப்போதுதான் சார்ஜ் திரும்ப ஏறுகிறது.

அன்றைய லோடு, மலைச்சாலை ஏறி முடியும் மெட்டுக்கு அப்பால் நான்கு ஏக்கர் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்காவுடையது. அதுவரை வீட்டுக்கு வரும் வியாபாரி சொன்ன விலைக்கே காயைக் கொடுத்துவந்தவர். அந்த முறைதான் முதன்முதலாக, போடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்தில் தானே காயை வைப்பது என்று துணிந்திருந்தார். மறுநாள் ஏலம். அன்று மாலை ஐந்து மணிக்குள் மூட்டையை இறக்கிச் சாம்பிள் கொடுத்தாக வேண்டும். என் வண்டியை அவர் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஏலக்காய் பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். "டீசல் வாடை பட்டா வாங்குறவுக மூக்கச் சுளிப்பாக. ஒன் வண்டில பொகையே இல்லையாமே" என்றார்.

காலையில் உரம் ஏற்றிக்கொண்டு மேலே போய்ச் சேர்ந்தபோது சார்ஜ் ஐம்பத்திரண்டு சதவீதம் காட்டியது. இறங்குவதற்கு அது தாராளம். ஆனால் எங்கள் வீட்டில் வண்டி மலையிலிருந்து இறங்குவதற்கு முன் டேங்க்கை நிறைத்துவிடுவது வழக்கம். வழியில் மரம் விழுந்து கிடக்கலாம், மணிக்கணக்கில் நிற்க வேண்டி வரலாம். நடுவில் பங்க் கிடையாது. அந்த வழக்கம் என் கையில் ஊறியிருந்தது. காய் உலர்த்தும் ஸ்டோரில் பிளக்கைச் செருகி, நூறு சதவீதம் ஆகும்வரை காத்திருந்தேன். அந்த அக்கா இரண்டு முறை வந்து மணி கேட்டார். "போதாதா தம்பி?" என்றும் கேட்டார். "முழுசா இருந்தாத்தான்க்கா தைரியம். எனக்குத் தெரியும்" என்றேன்.

இரண்டரை மணிக்குக் கிளம்பினோம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மெட்டைத் தாண்டி இறக்கம் தொடங்கியதும் மிதியிலிருந்து காலை எடுத்தேன். வண்டி இழுத்துப் பிடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. திரையில் இதுவரை பார்த்திராத ஒரு சின்ன விளக்கு எரிந்தது. என்னவென்று தெரியவில்லை. ஐந்து மணி மட்டும்தான் மனதில் இருந்தது. பிரேக்கை மிதித்து மிதித்து இறக்கினேன். வளைவுக்கு வளைவு கால் இன்னும் ஆழமாக இறங்கியது.

"தம்பி, என்னமோ கருகுற வாடை அடிக்குது."

"புது வண்டிக்கா, அப்படித்தான் இருக்கும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "எம்புட்டுக் காயி பின்னால இருக்குன்னு ஒனக்குத் தெரியும். நானும் உள்ளதான் இருக்கேன். நிப்பாட்டு."

அடுத்த வளைவில் அகலமான இடத்தில் ஒதுக்கினேன். பிரேக் கிட்டத்தட்டத் தரை வரை போய்த்தான் பிடித்தது. கைப்பிரேக்கைப் போட்டேன். நான் இறங்குவதற்குள் அவர் குதித்துக் கல்லைத் தூக்கிச் சக்கரத்தடியில் வைத்துவிட்டார். சக்கரத்திலிருந்து லேசாகப் புகை வந்தது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம். இன்னும் இரண்டு வளைவு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் காய் எடுக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஓட்டி வந்தவர் எங்கள் ஸ்டாண்டுக்காரர்தான்.

"என்னப்பு, சார்ஜ் தீந்துபோச்சா?"

"தீரலண்ணே. நெறைய இருக்கு."

"நெறைய இருந்தும் நிக்குதா? இது என்னா வண்டிடா" என்று அவர் சொன்னதும் ஜீப்பே சிரித்தது. சக்கரத்தில் ஊற்ற ஒரு பெண் தண்ணீர்க் கேனை நீட்டினார். "சூட்டோட ஊத்துனா பிரேக் டிரம்மு வெடிச்சுப்போகும், தானா ஆறட்டும்" என்று ஓட்டுநர் தடுத்தார். மூட்டையை ஏற்றிக்கொள்ள ஜீப்பில் இடமில்லை. கீழேயிருந்து யாரையாவது அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். அனுப்பினாலும் ஐந்து மணிக்குள் வந்து சேர வழியில்லை.

சர்வீஸ் நம்பருக்கு அடித்தேன். சிக்னல் இல்லை.

"ஒனக்கு இது ஏன் இப்படியாச்சுன்னு தெரியுமா, தெரியாதா?" என்று அந்த அக்கா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலக்கா."

"சரி. தெரிஞ்சுக்க வழி இருக்கா?"

டாஷ்போர்டிலிருந்து புத்தகத்தை எடுத்தேன். முழுக்க இங்கிலீஷ். மனதுக்குள் படிக்கத் தொடங்கியவனை அவர் விடவில்லை. "ஏத்தியிருக்கது எங் காயி. எனக்கும் கேக்குற மாதிரி தமிழ்ல சொல்லு" என்றார். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். புரியாததை ஒப்பேற்றித் தாண்ட முடியவில்லை, அவர் உடனே, "அப்படின்னா என்னா?" என்று நிறுத்தினார். அந்தச் சின்ன விளக்கின் படம் நான் படிக்காமல் விட்ட பகுதியில் இருந்தது. பேட்டரி நிறைந்திருக்கும்போது இறக்கத்தில் வரும் மின்சாரத்தை அது வாங்கிக்கொள்ளாது, அதனால் வண்டி தானாக வேகத்தைக் குறைக்காது, நீண்ட இறக்கத்துக்கு முன் முழுதாகச் சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்று போட்டிருந்தது.

சொல்லி முடித்ததும் எனக்கு முகம் சுண்டிப்போனது. அவர் அதைத் தன் கணக்கில் சொல்லிப் பார்த்தார்.

"வயிறு முட்டத் தின்னவன் எல போட்டாலும் உக்கார மாட்டான். அதானே?"

"அதேதான்க்கா."

"அப்ப செரிக்க விடு. ஏறுனா கொறையுமில்ல? திருப்பி மெட்டுக்கு வண்டிய விடு."

கீழே போக வேண்டிய அவசரத்தில் மேலே திரும்பிப் போவது என் புத்திக்கு எட்டவே இல்லை. எனக்குத் தெரிந்த கணக்கெல்லாம் சார்ஜ் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான். எவ்வளவு குறைக்கலாம் என்று நான் யோசித்ததே கிடையாது.

சக்கரம் ஆறும்வரை அரை மணி நேரம் இருந்தோம். பிரேக் பழையபடி பிடிக்கிறதா என்று அங்கேயே கொஞ்சம் நகர்த்திப் பார்த்துவிட்டு, வண்டியைத் திருப்பி மெட்டுக்கு ஏறினோம். திரையில் எண் ஒவ்வொன்றாகக் குறைவதை அவர் வாய்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எண்பத்தெட்டு வந்ததும் திரும்பினேன். மிதியிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தது. என் தோள் அப்போதுதான் தளர்ந்தது. அதன்பின் பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டேன். போடிக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால்.

மூட்டைகளை இறக்கியதும் அவர் ஒன்றைப் பிரித்து, கை நிறையக் காயை அள்ளி மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார். ஏல வாசனை மட்டும்தான். சாம்பிள் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், "அடுத்த லோடுக்கும் நீயே வா தம்பி. சார்ஜு எம்புட்டுன்னு மட்டும் நான் பாத்துக்கிறேன்" என்றார். மறுநாள் ஏலத்தில் அவர் காய் போனது. வியாபாரி சொன்னதைவிட நல்ல விலை என்று போனில் சொன்னார்.

நடந்ததை நானே ஸ்டாண்டில் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் சிரித்தார்கள். அப்புறம் அவர்களில் ஒருவர் தனியாக வந்து, அந்தப் புத்தகத்தைத் தனக்கும் தமிழில் படித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். மதியம் சவாரி இல்லாத நேரத்தில் ஜீப்பின் நிழலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தோம். இப்போது எங்கள் ஸ்டாண்டில் என்னுடையதோடு சேர்த்து மூன்று எலக்ட்ரிக் வண்டிகள் மலை ஏறுகின்றன. படித்தவன் என்று நம்பி யாராவது ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டும்போது நான் இப்போது கடைசி வரி வரை போகிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அந்த வளைவில்தான் கற்றுக்கொண்டேன், அதன்பின்தான் என் படிப்பு பிறருக்கும் பயன்படத் தொடங்கியது.