பட்டினி கிடக்க வேண்டிய பாக்டீரியா

பொங்கலுக்குக் கோயம்புத்தூர் போய்விட்டு வந்த மைதிலி, போன வாரம் ஒரு மாலை மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். புனேயில், கட்கியில் என் வீட்டு மாடி போர்ஷனில் தனியாகக் குடியிருக்கும் பெண். தளேகாவ் பக்கம் ஒரு லேபில் ஆராய்ச்சி. தினமும் லோக்கல் ரயிலில் போய் வருகிறாள்.

"என்னம்மா... வீட்டுல யாருக்காவது...?" பதறிவிட்டேன்.

"பாக்டீரியா, ஆன்ட்டி... எல்லாம் போச்சுங்க."

சிரிப்பு வந்தது. நல்லவேளை, அடக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். நாம் விழுங்குகிற ஹார்மோன் மாத்திரை நம் உடம்போடு முடிந்துவிடுவதில்லை. சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போகிறது. சுத்திகரித்த தண்ணீரிலும் மிச்சம் இருக்குமாம். அதில் நீந்தும் ஆண் மீனுக்குப் பெண்தன்மை வந்துவிடுகிறதாம்! அந்த ஹார்மோனைத் தின்கிற பாக்டீரியாவைச் சாக்கடைச் சேற்றிலிருந்து பிரித்து, குடுவைகளில் வளர்க்கிறாள் மைதிலி. ஒரே நிபந்தனை — வேறு சாப்பாடு போடக் கூடாது. ருசியாக ஏதாவது கிடைத்தால் அப்புறம் ஹார்மோனை யார் சீந்துவார்கள்? நம் வீட்டுப் பிள்ளைகள் கீரையைத் தொடுகிறார்களா?

ஊருக்குப் போகும்போது, லேபில் உதவிக்கு இருக்கும் சுமன் தாயியிடம் குடுவைகளை ஒப்படைத்திருக்கிறாள். தாயி என்றால் மராத்தியில் அக்கா. நமக்குப் பொங்கல் என்றால் இங்கே சங்கராந்தி. எள்ளும் வெல்லமும் உருட்டி, பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்து, "இனிப்பாகப் பேசுங்கள்" என்று சொல்லும் நாள். சண்டைக்காரருக்குக்கூட உண்டு. நல்ல நாளும் அதுவுமாக இதுகள் மட்டும் பட்டினியா? "பிச்சாரே... உபாஷி!" — பாவம், பட்டினி — என்று இரக்கப்பட்டு, வெல்லத்தைக் கரைத்து எல்லாக் குடுவையிலும் ஊற்றிவிட்டார் தாயி. மைதிலி திரும்பும்வரை தினமும் அதே உபசாரம்.

இப்போது குடுவை முழுக்க வேறு ஏதேதோ கிருமி. ஹார்மோன் அப்படியே கிடக்கிறது. ஃப்ரீசரில் பழைய பாக்டீரியா கொஞ்சம் எடுத்துவைத்திருக்கிறாள். ஆனால் அதைப் பழக்கி எடுக்க மாதக்கணக்காகும். அடுத்த மாதம் ஹார்மோன் குறைவதைச் செய்து காட்டாவிட்டால் ப்ராஜெக்டையே மூடிவிடுவார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தம்மாவை நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டியா, இல்லையா?"

"முடியலைங்க ஆன்ட்டி. ஊர்ல எல்லாரும் கல்யாணம் எப்பன்னுதான் கேட்டாங்க. என்ன வேலை பண்றேன்னு ஒருத்தர் கேக்கலைங்க. அப்பாகிட்ட சொல்ல ஆரம்பிச்சேன்... டிவி சத்தத்தைக் கூட்டிட்டாரு."

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை என் பிள்ளைகள் படிப்பதில்லை. புனேயில் பிறந்து வளர்ந்தவர்கள்; தமிழ் எழுத்து தெரியாது. வாராவாரம் ஊரெல்லாம் படிக்கிறது, என் வீட்டில் ஒருவரும் படிப்பதில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மைதிலி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் பாக்டீரியாவுக்குப் பசிக்குமேன்னு கவலைப்பட்டது அவங்க ஒருத்தர்தானுங்க. அவங்களையும் திட்டிப்போட்டு, நான் யாருகூடப் பேசறது?"