மைனிக்கு வந்த சாம்பிள்கள்

அண்ணன் கல்யாண லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பிய பிறகு அவன் மனைவியான மைனியும் தங்கை நானும் ஒரே அறையில்தான் படுத்தோம். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்களுடையது சின்ன வீடு. அப்பா கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பஜாரில் ஒரு மொத்தக் கடையில் வளையல், பொட்டு, ஹேர்பின் பிரித்துக் கட்டும் வேலையில் இருந்தேன். மைனி இடக்கொச்சிக்காரி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே ஒரு இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை. கல்யாணத்துக்குப் பிறகும் காலையில் பஸ் பிடித்துப் போய்க்கொண்டிருந்தாள்.

முதல் கர்ப்பம் தங்கவில்லை. அதற்குப் பிறகு அவளுடைய இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு விழுந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர், வெயிலில் போகக்கூடாது, சன்ஸ்கிரீன் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். மருந்துக் கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு இரண்டு பேரும் வாங்காமலே படியிறங்கினோம்.

என் கடைக்கு வரும் ஒரு கம்பெனிக்காரர் ஒருநாள் சாஷே என்கிற சின்னச் சாம்பிள் கிரீம் பாக்கெட்டுகளைக் கைநிறையக் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை மைனியிடம் கொண்டுவந்து கொட்டினேன். அவள் சிறு பிள்ளை மாதிரி அவற்றைத் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தாள். அன்றிலிருந்து அது எங்கள் இருவருக்கும் ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. போனில் பெயரும் விலாசமும் கொடுத்தால் இலவசமாக அனுப்பும் கம்பெனிகளை மைனி தேடிப் பிடித்தாள். எல்லாம் அவள் பெயருக்கே வரும். புதிதாக எது வந்தாலும் முதலில் என் காதுக்குப் பின்னால் தடவி ஒருநாள் பார்ப்பாள். "உனக்கு ஒண்ணும் ஆகல. அப்ப எனக்கும் ஆகாது" என்பாள். "நான் என்ன உங்களுக்குப் பரிசோதனை எலியா?" என்று நான் கத்துவேன். சாஷேயின் மூலையைக் கத்தரியால் பொடிசாக வெட்டி, கொஞ்சமாகப் பிதுக்கி எடுத்துவிட்டு, ஹேர்பின் செருகி ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டில் அடுக்கி வைப்பாள். ஒருத்தருக்கு ஒருநாளைக்கு என்று கொடுத்த சாஷே எங்கள் வீட்டில் ஒரு வாரம் ஓடும். முகத்தில் கொஞ்சம் தெளிவு வருவது போலத் தெரியும்போது அது தீர்ந்து போயிருக்கும். அடுத்தது வேறு கம்பெனியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் எர்ணாகுளத்துக்குப் போவோம். பெரிய கடைகளில் தொட்டுப் பார்க்க என்று திறந்து வைத்திருக்கும் பாட்டில்கள்தான் எங்கள் இலக்கு. புறங்கையில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று என்று பூசிக்கொண்டு, வாங்கப் போகிறவர்கள் மாதிரி தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒரு கடையில் இருந்த மலையாளிப் பெண்ணுக்கு எங்களைத் தெரிந்துவிட்டது. "சேச்சீ, இன்னும் நோக்கான் மாத்ரம் வந்ததாணோ?" என்று சிரித்தாள், இன்றைக்கும் பார்க்க மட்டும்தான் வந்தீர்களா என்று. மைனி வெட்கப்பட்டு நகரப் பார்த்தாள். அந்தப் பெண் விடவில்லை. அவளை ஸ்டூலில் உட்காரவைத்து, எப்படி மறைக்கிறது என்று காட்டுவதற்காக, முகத்தில் பாதிக்கு மட்டும் மேக்கப் போட்டுவிட்டாள்.

இடது பக்கம் மங்கு இருந்த சுவடே இல்லை. வலது பக்கம் அப்படியே இருந்தது. கண்ணாடியைப் பார்த்து முதலில் மைனிதான் சிரித்தாள். திரும்பி வரும் படகில் எதிரே இருந்தவர்கள் எல்லாம் பார்க்கப் பார்க்க எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தச் சிரிப்போடு அண்ணனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"இங்க பாருங்க, எது நல்லாருக்கு?" என்று முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினாள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "இப்பத்தான் மனுச மூஞ்சி மாதிரி இருக்கு. மத்த பக்கத்தையும் எப்பவும் இப்படியே மறச்சு வையி" என்றான். டியூட்டி இருக்கிறது என்று வைத்துவிட்டான்.

மைனி போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். படகுத்துறையில் இறங்கும்போது, "அவங்களுக்கு அங்க என்ன டென்ஷனோ" என்றாள்.

அண்ணன் லீவில் வருகிறான் என்று தெரிந்ததும் அவள் சாம்பிள்களைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தாள். நல்லது என்று தெரிந்த எதையும் தொடவில்லை. "அவங்க இருக்கற நாள் முழுக்க ஒரே கிரீமா போடணும். அப்பத்தான் பிடிக்கும்" என்றாள். இறால் நாற்றம் போகக் கைக்கு எலுமிச்சை தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்து, நகம் வெட்டி, ஷெட்டில் லீவும் சொல்லிவிட்டாள்.

அண்ணன் வந்தான். ஹாலில் அப்பாவோடு படுத்தான். மைனி தினமும் குளித்து முகத்தைச் சரிசெய்துகொண்டு அவனுக்குச் சாயா கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் வாங்கிக்கொண்டான். ஒருநாள் காலையில் அப்பாவிடமும் அம்மாவிடமும் விஷயத்தைச் சொன்னான். அங்கே கூட வேலை செய்கிற ஒரு பெண்ணோடு ரொம்ப நாளாகப் பழக்கம். இனிமேல் இவளோடு இருக்க முடியாது. அம்மா அவனை அடித்தாள். அப்பா அழுதார். அவன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

மைனி சண்டை போடவே இல்லை. துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கொஞ்சம் முன்னாடியே ஒரு நல்ல கிரீமா காசு கொடுத்து வாங்கியிருக்கணும்டி."

"மைனி, அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றேன்.

"இருக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் போன பிறகும் அவள் பெயருக்குச் சாம்பிள்கள் வந்துகொண்டே இருந்தன. எப்போதோ பதிந்து வைத்தது ஒவ்வொன்றாக வந்தது. போஸ்ட்மேன் அவள் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும்போதெல்லாம் அம்மா உள்ளே போய்விடுவாள். நான் வாங்கி அலமாரியில் வைத்தேன்.

விவாகரத்து முடிந்து, எனக்குப் பாலக்காட்டில் மாப்பிள்ளை நிச்சயமானது. அண்ணன் புது மனைவியோடு வருவதாகச் சொன்னான். அதைக் கேட்ட மறுநாள் அந்தச் சாம்பிள்களை எடுத்துக்கொண்டு நான் இடக்கொச்சிக்குப் போனேன்.

மைனி வீட்டுப் பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். மங்கு நெற்றிக்கும் ஏறியிருந்தது. என்னைக் கண்டதும் ஈரக்கையோடு கட்டிக்கொண்டாள். கல்யாண விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் திணறியபோது அவளே, "தெரியும்டி. ஷெட்ல சொன்னாங்க" என்றாள்.

"வாங்க மைனி."

"நான் எப்படிடி வருவேன்? என்னக் கூப்பிடாத. கூப்பிட்டா வரணும்னு தோணும்."

பிறகு நான் கொண்டுபோன கவரைப் பிரித்துப் பார்த்தாள். ஒவ்வொன்றாகத் திருப்பி, கடைசித் தேதி தாண்டியதை ஒதுக்கி வைத்தாள். "இனி எனக்கு இதெல்லாம் எதுக்கு" என்றவள், என்னை ஜன்னலோரம் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். "கல்யாணப் பொண்ணா நீ எப்படி இருப்பேன்னு நான் பாத்துக்கறேன்."

எனக்கு முகம் கழுவிவிட்டு ஆரம்பித்தாள். இதுவரை அவள் எந்தச் சாஷேயையும் தாராளமாகப் பிதுக்கி நான் பார்த்ததில்லை. அன்று முழுசாகப் பிதுக்கினாள். இறால் முள் கீறிக் கீறிச் சொரசொரத்துப் போயிருந்த விரல் நுனியால் என் கன்னத்தில், நெற்றியில், கழுத்தில் மெதுவாகத் தேய்த்தாள். "அழாத, கலைஞ்சிரும்" என்று அதட்டினாள். அவள் கண்ணும் நிறைந்துதான் இருந்தது. கண்மை, பொட்டு, உதட்டுச் சாயம் எல்லாம் முடிந்ததும் தள்ளி நின்று என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். என் தலையில் கை வைத்தாள்.

அப்படியே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"யாருடி போட்டுவிட்டா?"

"மைனி."

அம்மா என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நல்லா போட்டுவிட்டிருக்கா" என்றாள். நான் முகம் கழுவக் குழாயடிக்குத் திரும்பியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள். "கழுவாத. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

கல்யாணத்தன்று பியூட்டி பார்லர் பெண் வந்து மேக்கப் போட்டாள். மேடையில் அண்ணனும் அவன் மனைவியும் எனக்கு ஒரு பக்கமாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மைனி வரவில்லை. சாப்பாட்டுப் பந்தி முடியும்வரை நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.